இரண்டு வருடத்துக்கு முந்தைய அளவு

கப்பலில் சமையல்காரனாக இருக்கும் அவன், இரண்டு வருடம் கழித்து வீடு திரும்பியபோது மகளுக்கு மலைச் சைக்கிள் வாங்கி வந்தான். அவள் தன் நெஞ்சுயரம் இருப்பாள் என்று கடைக்காரரிடம் கையை வைத்துக் காட்டி வாங்கியது. கதவைத் திறந்தவளோ அவன் தோளுக்கு மேல் வளர்ந்திருந்தாள்.

"சரியா இருக்காடா கண்ணு?"

"சூப்பரா இருக்குப்பா."

மறுநாள் காலை குடும்பமாக, ஆளுக்கொரு சைக்கிளில் மலைப்பாதையில் கிளம்பினார்கள். மனைவி முன்னால், மகள் நடுவில், அவன் கடைசியில். சீட்டை முடிந்தவரை உயர்த்தியும், ஏற்றம் முழுக்க மகளின் முட்டி ஹேண்டில்பாரில் இடித்தது. உச்சியில் இறங்கியபோது இரண்டு முட்டியும் கன்றிச் சிவந்திருந்தன.

"ஏம்மா சொல்லல?"

"நீங்க ஆசையா வாங்கிட்டு வந்தீங்கல்ல."

"அடுத்த தடவ பெருசா வாங்கிட்டு வரேன்."

"எவ்ளோ பெருசுன்னு உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

அவள் குத்திக்காட்டவில்லை, தெரியாமல்தான் கேட்டாள். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவன் தன் சைக்கிளை மகளிடம் கொடுத்துவிட்டு, சின்னதில் காலை அகட்டி உட்கார்ந்து இறக்கத்தில் விட்டான். அந்தக் கோலத்தை மகள் திரும்பித் திரும்பிப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். அவனும் சிரித்துக் காட்டினான். இரண்டு கையும் பிரேக்கில் இருந்ததால் கண்ணைத்தான் துடைக்க முடியவில்லை.