விம்ம வேண்டிய இடம்

அமெரிக்காவின் சுகர் லேண்ட் நகரத் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் நான்தான் சிறப்பு விருந்தினர். 'சோல்' என்ற மேற்கத்திய இசைவகையில் பாடும் மானஸா. 'போகட்டும் விடு' பாடியவள். அதற்குப் பிறகு இரண்டு ஆல்பம் போட்டேன், கேட்க ஒரு நாதியில்லை. அந்த ஒரு பாட்டை மட்டும் ஊரே பாடித் தீர்க்கிறது.

மேடையோரம் இருப்புக்கொள்ளாமல் நின்றேன். எனக்கு முன்னால் மூன்று பெண்கள் வரிசையாக அதே பாட்டைப் பாடினார்கள்.

"சாரிம்மா, எல்லாம் மெம்பர்ஸோட பசங்க. யாரையும் டிராப் பண்ண முடியல," என்றார் செயலாளர் பத்மநாபன் அங்கிள்.

ரெக்கார்டில் இரண்டாவது சரணத்தில் என் குரல் விம்மும். மூன்று பேரும் அதே இடத்தில் தவறாமல் விம்மினார்கள். எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. என் முறை வந்ததும் அந்த வரியை விம்மாமல் நேராகப் பாடிவிட்டு இறங்கினேன்.

கார் சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோது, அந்த மூவரில் கடைசியாகப் பாடிய வெண்பாவின் அம்மா கலைவாணி ஆன்ட்டி வழிமறித்தார்.

"நல்லா பாடினேம்மா. ஆனா அந்த அழுகையை விட்டுட்டியே! அதானே பாட்டுக்கே உயிரு?"

"அது அழுகையே இல்ல ஆன்ட்டி. ரெக்கார்டிங் அன்னிக்கு எனக்குப் பயங்கர சளி, தொண்டை அடைச்சுக்கிச்சு. இன்னொரு டேக் எடுக்க டைம் இல்ல, அப்படியே விட்டுட்டாங்க."

ஆன்ட்டி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வெண்பா மாசக்கணக்கா பிராக்டிஸ் பண்ணி, இப்பதான் அந்த இடத்துல நிஜமாவே அழறா. அவகிட்ட மட்டும் இதைச் சொல்லிடாதம்மா, ப்ளீஸ்."