உள்ள அளவில் ஒரு கை

மயிலந்தனைத் தோட்டத்துக் கீழ் டிவிசனில், பதுளையிலிருந்து பத்து சென்டிமீட்டராக அச்சிட்டுக் கொண்டுவந்த கோடு, தொழிலாளர் வரிசைவீடான லயத்தின் வாசலைத் தாண்டியதும் பத்து சென்டிமீட்டரும் ஒரு மில்லிமீட்டரும் ஆனது. கோதுமை மாவின் விலை ஏறிய மாதம் அது. மாவைப் பற்றிப் பேசவே நேரம் போதாததால் கோட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. கவனித்தவள் ஜெயந்தினி ஒருத்திதான். கட்டுநாயக்கவில் ஓர் எலெக்ட்ரொனிக் கம்பெனியில் ஆறு வருஷம் வேலை பார்த்துவிட்டுக் கலியாணமாகி அந்த லயத்துக்கு வந்தவள். கணவன் கொழும்பில் லொறி ஓட்டினான். மடுல்சீமைப் பக்கத்துக் கோயில்களின் திருவிழாவில் ஒன்றையொன்று துரத்தி ஓடுகிற வண்ண விளக்குகளின் பின்னால் இருந்த சர்க்யூட் போர்டுகள் எல்லாம் அவள் கையால் செய்தவை. அவள் அதிகம் பேசுவதில்லை. கேள்வி கேட்டவர்கள் பதிலுக்குக் காத்திருந்து, தேத்தண்ணீரைக் குடித்துமுடித்து, பதில் வராமலே எழுந்துபோவதும் உண்டு.

போர்டின் கோடுகளை அவள் கணினியில் வரைந்து, பஸ் பிடித்து பதுளைக்குப் போய், பஸீலின் கொமியுனிகேஷன் கடையில் வழுவழுப்பான தாளில் அச்சிட்டு வாங்குவாள். தாளைச் செம்புத் தகட்டில் கவிழ்த்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்தித் தேய்த்தால் கறுப்பு மை செம்பில் ஒட்டிக்கொள்ளும். பிறகு தகட்டை அமிலத்தில் போட்டால் மை மூடிய செம்பு மட்டும் மிஞ்சும். அளவு அணுவும் பிசகக் கூடாது. பிசகினால் போர்டில் பொருத்தும் நாற்பது கால் ஐ.சி.யின் முதல் கால் துளையில் இறங்கும், கடைசிக் கால் வெளியே நிற்கும். ஆரம்பத்தில் அப்படித்தான் நடந்தது. பஸீலின் கடையில் எல்லாவற்றையும் தாளுக்குள் அடங்கும்படி கொஞ்சம் சுருக்கி அடிப்பதே வழக்கம். "ஓரம் வெட்டுப்படக் கூடாதே அக்கா. இங்க வாறவங்க ஐடென்டி கார்ட்டு மூலை போனா சண்டைக்கு வருவாங்க," என்றார் பஸீல். அன்று முதல் ஜெயந்தினி உள்ள அளவிலேயே அடிக்கச் சொல்லி, ஒவ்வொரு தாளின் அடியிலும் பத்து சென்டிமீட்டர் கோடு ஒன்றைப் போட்டு, கடையை விட்டு இறங்குமுன் இரும்பு அடிமட்டத்தால் அளந்து பார்ப்பாள்.

அப்படி அளந்து வந்த கோடுதான் வீட்டில் நீண்டது. அவள் அதே தாளைத் திரும்பக் கொண்டுபோய் பஸீலின் மேசையில் வைத்தாள்.

"நாநா, மிசின் பிழை."

பஸீல் அளந்தார். சரியாகப் பத்து.

"பாருங்க, பத்துத்தான் ஈக்கி."

"இங்க பத்து. மேல போனா நீளுது."

"அப்ப சேர்விஸ் பண்ண வேண்டியது மலைய அக்கா, மிசின இல்ல."

திரும்புகிற வழியில் பசறையில் பஸ் நின்றபோது அளந்தாள், பத்து. மடுல்சீமைக் கடைத்தெருவில் பத்து. தோட்டத்துத் தொழிற்சாலை வாசலில் பத்து. பாலம் தாண்டிக் கீழ் லயத்தில் கால் வைத்ததும் நீண்டது. அடிமட்டம் மாறவில்லை, கட்டில் மாறவில்லை, கதவு மாறவில்லை. உள்ள அளவில் அச்சிட்ட தாள் மட்டுமே நீண்டது. வைத்த இடத்து நிலத்தைத்தான் அது அளந்து சொல்கிறது என்று அவளுக்குப் பட்டது. மலை மேலே பிடித்துக்கொள்ள, ஓடை கீழே பிடித்துக்கொள்ள, நடுவில் லயம் ஈரத்துணிபோல இழுபடுகிறது. அடுத்த முறை பஸீலிடம் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வீதத்தில் அடிக்கச் சொன்னாள். ஐ.சி. கச்சிதமாக உட்கார்ந்தது. அதற்கடுத்த வருஷம் தொண்ணூற்றெட்டு. கோயில்களில் விளக்குகள் ஒழுங்காக ஓடின. ஒழுங்காக ஓடுவதைப் பற்றி யாரிடம் என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வெளிநாட்டுப் பிள்ளைகள் ஊர் திரும்ப முடியாமல் போன கொரோனா வருஷத்தில், அடுத்த வீட்டுக் காம்பராவின் அங்கம்மா அவளிடம் ஒன்று கேட்டாள். அங்கம்மா கொழுந்து பறிப்பவள், புருஷனை இழந்தவள். ஒரே மகன் நிமலன் கட்டாரில் இருந்தான். "உள்ள அளவுலயே அடிக்கிறாங்கங்கிறியே புள்ள, மனுசன் கைய அப்பிடி அடிப்பாங்களா?" நிமலன் கம்பெனி ஒபிசில் கொப்பி மிசின் கண்ணாடியில் கையை விரித்துவைத்து, பக்கத்தில் ஓர் அடிமட்டத்தையும் வைத்து அனுப்பினான். பஸீல் அதை உள்ள அளவில் அடித்துக் கொடுத்தார். அங்கம்மா சாமி படத்துக்குக் கீழே ஒட்டி, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் தன் உள்ளங்கையை அதன்மேல் வைத்து எடுப்பாள். ஒரு மாதத்துக்குள் கீழ் லயத்துப் பன்னிரண்டு வீடுகளில் பாதிக்கு மேல் சுவரில் கைகள் வந்துவிட்டன. டுபாய்க் கை, மலேசியாக் கை, கொழும்பு ஹோட்டல் ஒன்றில் கோப்பை கழுவுகிற கை.

கைகள் வளர்ந்தன. கரண்ட் வெட்டு வருஷத்தில் நிமலனின் விரல்கள் அங்கம்மாவின் விரல்களை ஒரு கணு தாண்டின. அவள் பூரித்துப்போனாள். "கட்டார் சோறு ஒடம்புல ஒட்டுது," என்று பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது சொன்னாள். "என் மவன் கையும்தான் பெருசாவுது, அனுப்புற காசு மட்டும் ஏன்டி சிறுக்குது?" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். ஜெயந்தினி குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அன்று வீட்டில் கோடு பத்தே முக்கால்.

அடுத்த ஐப்பசி மழையில் அது பன்னிரண்டைத் தொட்டபோது அவள் கோயில் கூட்டத்தில் எழுந்து நின்றாள். அவள் கூட்டத்தில் பேசுவது அதுவே முதல் தடவை. நிலம் இழுபடுகிறது, கார்த்திகை தாங்காது, மேலே போய்விடுவோம் என்றாள். தோட்டத் தலைவர் இராசையா நல்ல மனிதர். அலுவலர் ஒருவரை வரவழைத்தார். அவர் நாடா பிடித்து அளந்து, நிலம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது என்று சொல்லி, தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். அங்கம்மாதான் எல்லோரையும் விடக் கடுமையாக எதிர்த்தாள்.

"பேப்பரு நீளுதுன்னு வீட்ட விடச் சொல்றியா? காம்பராவ விட்டு எறங்கினா தோட்டத்துப் பதிவுல பேர வெட்டிருவாங்க. என் மவன் வந்து எந்த வாசல்ல நிப்பான்? அவனுக்குத் தெரிஞ்ச அட்ரசு இது ஒண்ணுதான்."

"வாசலே இல்லாமப் போயிரும் அக்கா."

"ஒனக்கென்ன. புருசன் மாசத்துக்கு ஒருக்கா வாறான்."

ஜெயந்தினி வீட்டுக்கு வந்து கோட்டை மறுபடி அளந்தாள். நாலு நாள் மழை. ஐந்தாம் நாள் பின்னேரம், மழை தூறலாகத் தணிந்ததும், அவள் அங்கம்மாவின் வாசலில் வந்து நின்றாள். "அக்கா, நிமலன் கைய எடுத்துக்குங்க. கொஞ்சம் மேல நடந்துட்டு வருவம்." அங்கம்மா திட்டுவாள் என்றுதான் நினைத்தாள். ஆனால் இந்த மழையில் அந்தக் கை முறத்தளவு ஆகி, சாமி படத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. இரண்டு கிழமையாக அங்கம்மா அதன்மேல் கை வைக்கவில்லை. அவள் தாளை உரித்து, கொழுந்து பறிக்கும்போது கட்டுகிற படங்குக்குள் சுருட்டிக்கொண்டு நடந்தாள்.

முதல் வளைவில் விரித்துப் பார்த்தார்கள். கொஞ்சம் சிறுத்திருந்தது. மாரியம்மன் கல்லடியில் இன்னும் சிறுத்தது. ஏழாம் நம்பர் மலையின் முதுகில், தேயிலைக்கு நடுவே பாறைத் தட்டுள்ள இடத்தில் விரித்தபோது நிமலனின் கை நிமலனின் கையாக இருந்தது. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்ட தழும்பு சுட்டுவிரலில் அவள் அறிந்த நீளத்தில் கிடந்தது. அங்கம்மா தன் கையை அதன்மேல் வைத்தாள். மணிக்கட்டுப் பக்கம் விரலை ஓட்டிப் பார்த்தாள். மூட்டுகள் துருத்திக்கொண்டிருந்தன. மூடுபனி வந்து இருவரையும் மூடி, விலகி, மறுபடி மூடியது.

"மெலிஞ்சுபோய்த்தான்டி இருக்கான்," என்றாள் கடைசியில். "ஊதிப்போன கையத் தொட்டுக் கும்பிட்டுக்கிட்டு, நல்லா இருக்கான்னு நெனச்சிருக்கேன் பாரு."

அன்றைக்கே அவள் பாத்திரங்களைக் கட்டினாள். வழியில் கேட்டவர்களிடம், "எங்க என் மவன் கை சரியா இருக்கோ அங்க நான் இருப்பேன்," என்று மட்டும் சொன்னாள். நிலத்தைப் பற்றிச் சொன்னபோது நம்பாதவர்கள் கையைப் பற்றிச் சொன்னதும் சுவரிலிருந்து தாளை உரித்தார்கள். அவரவர் கையை ஏந்திக்கொண்டு மலை ஏறி, உள்ள அளவு வந்த இடத்தில் கம்பு நட்டார்கள். கைகள் எல்லாம் பாறைத் தட்டைச் சுற்றியே சரியானதால் கூடாரங்கள் நெருக்கமாக அமைந்தன. சுவரில் கை இல்லாத வீட்டுக்காரர்களும் பின்னாலேயே ஏறினார்கள், இராசையா கடைசியாக வந்தார். கார்த்திகை இரண்டாம் கிழமை, முற்பகல் தேத்தண்ணீர் நேரத்தில், கீழ் லயம் இருந்த சரிவு முழுவதும் ஓடைக்குள் இறங்கியது. ஆறு கோழிகளும் இராசையாவின் டீவியும் போயின. அன்று பின்னேரம் மழை விட்டதும் மேல் மலையில் கொழுந்து எடுத்தார்கள்.

ஏழாம் நம்பர் கம்பெனியின் தேயிலைக் காடு, அங்கே குடியிருக்கக் கூடாது என்று தை மாதம் ஒரு கடிதம் வந்தது. தபால்காரர் அதை மலைமுதுகுக்குக் கொண்டுவந்து கூடாரம் கூடாரமாகக் கொடுத்தார். உறையில் அவரவர் பெயர், அடுத்த வரியில் ஏழாம் நம்பர் மலை, அதற்கடுத்து மயிலந்தனைத் தோட்டம் என்று அடித்திருந்தது. இராசையா உள்ளே இருந்ததைப் படித்துக்காட்டிவிட்டு, தோட்டத்தை நடத்துகிற தொரையைப் பார்க்கப் போவோம் என்றார். அங்கம்மா அதைக் காதில் வாங்கவில்லை. உறையை மட்டும் எடுத்துக்கொண்டு ஜெயந்தினியிடம் வந்தாள்.

"இத ஒரு படம் புடிச்சு நிமலனுக்கு அனுப்பு புள்ள. அட்ரசு வந்திருச்சுன்னு சொல்லு."

ஜெயந்தினி உறையைப் பாறையில் வைத்து, எழுத்துக்கள் தெளியும்வரை கையால் நீவிவிட்டுப் படம் பிடித்தாள். பிறகு இன்னும் இரண்டு கடிதங்கள் வந்தன, இரண்டும் அதே விலாசத்துக்கு. இப்போது அங்கே பன்னிரண்டு வீடுகளும் ஒரு பீலியும் இருக்கின்றன. தோட்டத்து வரைபடத்தில் அந்த இடம் இன்னும் தேயிலைக் காடுதான். காலையில் பெரட்டுக்கு முதல் ஆள் அங்கிருந்துதான் வருகிறது.