நான்கு வரிசை தள்ளி

கிளப் மண்டபத்தில் அம்மா எனக்கு நான்கு வரிசை பின்னால் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அரசாங்கத் தாள்களின்படி எங்களுக்குள் பேச்சு கிடையாது. போன வருடம் பிப்ரவரியில் அவள் என்னை வீட்டைவிட்டுத் துரத்திவிட்டாள்.

மேடையில் மூன்று பேர். மாணவர் உதவித்தொகையைச் சீர்திருத்த ஊர் ஊராகக் கருத்துக் கேட்கும் நாடாளுமன்றக் குழு. காலை விமானத்தில் ஆஸ்திரேலியாவின் உள்கோடியில் இருக்கும் எங்கள் சுரங்க ஊர் புரோக்கன் ஹில்லுக்கு வந்தவர்கள், மாலை விமானத்தில் போய்விடுவார்கள். ஓரத்தில் ஒரு பெண் எல்லோருடைய பேச்சையும் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்.

"லாமிங்டன் கேக் தீந்துடுச்சு. இனி சீர்திருத்தம்தான் மிச்சம்" என்றார் பக்கத்து நாற்காலி மெர்வ். எங்கள் தெருக்காரர். பிறகு குரலைத் தாழ்த்தி, "டாம்சின், திரும்பிப் பாக்காத. உங்கம்மா அழகா வந்திருக்கா" என்றார். எங்கள் தெருவுக்கு எல்லாம் தெரியும். தெருவே வாயை மூடிக்கொண்டிருந்தது.

பதினெட்டு வயதில் இங்கே ஓட்டுப் போடலாம், பீர் வாங்கலாம், சுரங்கத்தில் இறங்கலாம். உதவித்தொகை என்று வந்தால் மட்டும் இருபத்திரண்டு வரை குழந்தை. அப்பா ஒரு வருடம் ஓவர்டைம் பார்த்தார் என்பதற்காக எங்களிடம் வசதி இருக்கிறது என்று முடிவு செய்தார்கள். நர்சிங் படிக்க ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி அடிலெய்டில் வாடகைக்கு அறை எடுத்தாக வேண்டும் என்று எழுத உதவித்தொகைப் படிவத்தில் இடமே இல்லை. வேறொரு கட்டம் இருந்தது: பெற்றோர் வீட்டில் வாழ முடியாத நிலை. அதில் டிக் அடித்தால் பெற்றோர் சம்பளத்தைப் பார்க்காமல் பணம் தருவார்கள்; ஆனால் முதலில் அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்வார்கள்.

அழைப்பு வந்தபோது நான் சமையலறையில் டோஸ்ட் தின்றுகொண்டிருந்தேன். மெல்லும் சத்தம் கேட்டுவிடும் என்று வாயில் இருந்ததை அப்படியே வைத்துக்கொண்டேன். அம்மா என் சீருடைச் சட்டைக்கு இஸ்திரி போட்டபடி ஸ்பீக்கரில் பேசினாள். "அவ இந்த வீட்டு வாசல மிதிக்கக் கூடாது. எனக்கு அப்படி ஒரு மகளே கிடையாது." அதிகாரி மறுபடி கேட்டான். மறுபடி சொன்னாள். பதிவுக்காக என்று மூன்றாம் முறையும் சொல்ல வைத்தான். அழைப்பு முடிந்ததும் சட்டையை மடித்து என் பையில் வைத்தாள். அன்று முழுவதும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இன்று பேசுவோர் பட்டியலில் நான் ஏழாவது. மருத்துவமனைப் பயிற்சிக்குச் சம்பளம் இல்லாததைப் பற்றி மட்டும் பேசுவேன். அம்மா வரவே கூடாது. அதுதான் ஒப்பந்தம். ஆனாலும் பள்ளிப் பேருந்தை வெளியே நிறுத்திவிட்டு ஓட்டுநர் சட்டையோடு வந்து உட்கார்ந்துவிட்டாள். அவள் வாய் திறந்தால் என் உதவித்தொகை நின்றுவிடும், படிப்பும் அத்தோடு சரி.

ஐந்தாவது ஆள் பேசி முடித்ததும் குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒண்ணு சொல்லட்டுமா? பிள்ளைகளத் துரத்திட்டோம்னு எழுதிக் குடுக்கிற பெத்தவங்க இந்த மாதிரி ஊர்கள்லதான் ஜாஸ்தி. வயசு வரம்பக் குறைக்கிறதுக்கு முன்னாடி, இங்க குடும்பங்களுக்குக் கொஞ்சம் ஆலோசனை வகுப்பு நடத்தினா என்ன? பாசத்த எந்த அரசாங்கமும் குடுக்க முடியாதே."

பின்னால் ஒரு சிரிப்பு வெடித்தது. எனக்கு அது யாரென்று தெரியும்.

நாற்காலி தரையில் உரசியது. நான் திரும்பிப் பார்த்துவிட்டேன். அம்மா எழுந்து நின்றிருந்தாள். கழுத்துவரை சிவந்திருந்தாள். வேண்டாம் என்று தலையசைத்தேன்.

"உக்காரு நோரீன்" என்றார் மெர்வ், கெஞ்சலாக.

"வருஷம் பூரா உக்காந்துதான் இருந்தேன் மெர்வ்."

"உங்க பேரு பட்டியல்ல இல்லையே" என்றார் தலைவர்.

அவள் நடந்தாள். ஒரு வரிசை தாண்டினாள், இரண்டு, மூன்று. என் வரிசையில் நின்றாள். ஒருகணம் மேடையையே முறைத்தாள். பிறகு குனிந்து, என் காலருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த சட்டை லேபிளை உள்ளே தள்ளி, காலரை இரண்டு கையாலும் நீவிவிட்டாள். மண்டபமே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் விரல்களில் டீசல் வாசனை.

"பதிவுக்காக," என்றார் தலைவர், "நீங்க யாருன்னு சொல்லுங்க."

அம்மா நிமிர்ந்தாள். அவள் கை என் தோளிலேயே இருந்தது. ஓரத்தில், தட்டச்சுப் பெண்ணின் பத்து விரல்களும் விசைகளுக்கு மேலே காத்திருந்தன.