வெங்காயத் தோல் பாடம்

கல்வெட்டின் அச்சுப்படியை நமசிவாயம் கோப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். மனைவி உதயகலா இறந்த முப்பத்தோராம் நாள் நினைவுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. அன்றைக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கிற நினைவுப் புத்தகம் அது. தேவாரம், வாழ்க்கை வரலாறு, கனடாவிலிருந்து அண்ணன்மார் அனுப்பிய இரங்கல் எல்லாம் சேர்ந்துவிட்டன.

"எழுத்துப்பிழை இருக்கோ எண்டு ஒருக்காப் பாத்துத் தாங்கோ, ரீச்சர். ஆறாம் பக்கத்தை வடிவாய்ப் பாருங்கோ. அது அவவின்ரை சொந்த எழுத்து. நான் கண்டுபிடிச்சது."

மக்டலீன் ஆறாம் பக்கத்தைத் திருப்பினாள்.

'ஒவ்வொரு மாணவரும் ஒரு விதை. பொறுமை என்னும் நீரைப் பாய்ச்சி, அன்பு என்னும் ஒளியில் வளர்த்தால், காலம் கனியும்போது ஒவ்வொரு விதையும் தன் மலரை விரிக்கும். இன்றைய வகுப்பறை எனக்கு இதை மீண்டும் உணர்த்தியது.'

வாசித்து முடிக்கும் முன்னரே அவளுக்குக் காது சுட்டது. இந்த வரிகளை அவள் ஏற்கெனவே வாசித்திருக்கிறாள். தன் கைபேசியில்.

"இருபத்தெட்டு வருசம் ஒண்டாய் இருந்தம்," என்றார் நமசிவாயம். "என்ரை தோட்டத்தைப் பற்றி அவ ஒரு சொல் சொன்னதில்லை. சேத்துக் காலோடை உள்ளுக்கு வராதேங்கோ, அதுதான் சொல்லுவா. இப்ப அவவின்ரை பாடக்குறிப்பைத் திறந்து பாக்கிறன், விதை எண்டும் தண்ணி எண்டும் எழுதி, அச்செடுத்து ஒட்டி வைச்சிருக்கிறா. அப்ப நினைச்சுக்கொண்டுதானே இருந்திருக்கிறா?"

வெளியே அவருடைய வெங்காயப் பாத்திகளில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மக்டலீன் கோப்பியைக் கையில் எடுத்தாள். குடிக்கவில்லை.

"பாடக்குறிப்புப் புத்தகத்தையும் தாங்கோ அண்ணை. ஒத்துப் பாத்துத் தாறன்."

அவர் அதைத் துவாயால் துடைத்துக் கொடுத்தார்.

*

மானிப்பாய்ப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் மக்டலீன் கணிதமும் உதயகலா விஞ்ஞானமும் படிப்பித்தார்கள். பதினாறு வருடமாக ஆசிரியர் அறையில் பக்கத்துப் பக்கத்துக் கதிரைகள். ஒன்றரை வருடத்துக்கு முன் செயற்கை நுண்ணறிவு பற்றி ஒருநாள் கருத்தரங்குக்கு ஆசிரியர்களை அழைத்திருந்தார்கள். சான்றிதழும் சோற்றுப் பார்சலுமாகத் திரும்பி வரும்போது பஸ்ஸில் உதயகலா சொன்னாள்:

"ஒரு நாளிலை நீந்தப் பழக்கிக் கடலுக்குள்ளை விட்டிட்டினம். நீ குருநகர்க் கடற்கரைக்காரி, தப்பீடுவாய். நான் சண்டிலிப்பாய்க்காரி, தாழப்போறன்."

அடுத்த வெள்ளிக்கிழமையே அவள் ஆசிரியர் வட்டம் ஒன்றைத் தொடங்கிவிட்டாள். பள்ளி விட்ட பின் கணினி அறையில் நாலு பேர். உதயகலா, மக்டலீன், ஆங்கிலம் படிப்பிக்கிற கொலின்ஸ், கணினி அறைக்குப் பொறுப்பான ஜெசிதா. ஒரு பெட்டி ரோல்ஸ், ஒரு போத்தல் தேத்தண்ணீர். சட்டம் ஒன்றே ஒன்று, அதுவும் உதயகலா போட்டது.

"சரிவந்ததை வட்ஸ்அப்பிலை போடுங்கோ. இஞ்சை பிழைச்சதை மட்டும் கொண்டுவாங்கோ. ஆர் முதல் பிழையைச் சொல்லுறியளோ அவைக்கு முதல் ரோல்ஸ்."

முதல் ரோல்ஸ் பெரும்பாலும் கொலின்ஸுக்குத்தான் போனது. அவர் ஏஐ-யிடம் எடுத்த வாசிப்புப் பகுதியில் பிள்ளைகள் மெட்ரோ ரயில் ஏறி மாமா வீட்டுக்குப் போனார்கள். மெட்ரோ என்றால் என்னவென்று விளக்கியதிலேயே பாடநேரம் முடிந்துவிட்டது. ஏன் பிழைத்தது, அடுத்த முறை எப்படிக் கேட்பது, எதைத் தாங்களே எழுதுவது என்று நாலு பேரும் இருட்டும்வரை கதைப்பார்கள்.

ஐப்பசியில் உதயகலாவுக்கு நோய் என்று தெரிந்தது. தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்கும் பாடசாலைக்குமாக அலைந்தாள். பாடக்குறிப்பில் ஒவ்வொரு பாடத்துக்கும் அடியில் 'மீள்நோக்கு' என்று ஒரு கட்டம் இருக்கும். படிப்பித்து முடித்த பிறகு பாடம் எப்படிப் போனது என்று ஆசிரியர் தாமே யோசித்து எழுத வேண்டிய இடம்.

"பாடத்தை நான் எழுதுவன் மக்டா. உந்தக் கட்டத்தை மட்டும் நீ நிரப்பித் தா. விரல் மடியுதில்லை."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து மக்டலீன் பாடத் தலைப்புகளைக் கொடுத்துக் கைபேசியில் ஏஐ-யிடம் கேட்பாள்: நன்றாக நடந்த பாடங்களுக்கு ஐந்து மீள்நோக்கு எழுதித் தா. அது ஒரு நிமிடத்தில் தந்துவிடும். அச்செடுத்து, வெட்டி, வரப்போகிற கிழமைக்கு முழுதாக ஒட்டிவிடுவார்கள். முதல்முறை ஒட்டியபோது உதயகலா வாசித்துப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"எடியே, நாளைக்கு நான் எவ்வளவு வடிவாப் படிப்பிச்சிருக்கிறன், பார்!"

வட்டத்தில் அதை இருவரும் சொல்லவில்லை. பிழைத்ததை மட்டும் கொண்டுவரச் சொன்னவளே மறைத்த ஒரே பிழை அதுதான்.

*

வெள்ளிக்கிழமை மூன்று பேர்தான் இருந்தார்கள். நாலாவது கதிரையை யாரும் ஒதுக்கி வைக்கவில்லை, அது அங்கேயே நின்றது. மக்டலீன் அச்சுப்படியையும் பாடக்குறிப்பையும் மேசையில் வைத்து நடந்ததைச் சொன்னாள். சொல்லி முடித்ததும் கொலின்ஸ் ரோல்ஸ் பெட்டியை அவள் பக்கம் தள்ளினார்.

"முதல் ரோல்ஸ் உங்களுக்குத்தான், ரீச்சர்."

"பகிடி விடாதேங்கோ சேர்."

"பகிடி இல்லை. எனக்கு ரெண்டாவது. போன கிழமை என்ரை புத்தகத்திலை 'மாணவர்கள் ஆங்கிலத்தில் சரளமாக உரையாடினர்' எண்டு ஒட்டியிருக்கிறன். அண்டைக்கு நான் பள்ளிக்கூடத்துக்கே வரேல்லை. பல்லுப் பிடுங்கப் போனனான்."

ஜெசிதா சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தாள். மக்டலீனும் சிரித்தாள். சிரித்த கையோடு அழுகை வந்தது.

"கலா செத்த வியாழக்கிழமைக்கும் துண்டு ஒட்டிக் கிடக்கு," என்றாள். "'மாணவர்கள் ஆர்வத்துடன் பங்குபற்றினர்' எண்டு. ஏஐக்குத் தெரியாது. எனக்குமே தெரியேல்லை, நான்தானே ஒட்டினது."

"அது கேட்டதைத்தான் தந்தது," என்றார் கொலின்ஸ். "நல்லா நடந்த பாடத்துக்கு எழுது எண்டு கேட்டது நாங்கள்."

"இப்ப என்ன செய்யிறது? உந்த விதைக் கதையை அந்த மனிசன் தன்ரை தோட்டம் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறார்."

"விட்டிடுங்கோ ரீச்சர்," என்றாள் ஜெசிதா மெதுவாக. "அவருக்கு வேறை என்ன ஆறுதல் இருக்கு? ஆருக்கும் நட்டமில்லைத்தானே."

மக்டலீன் ஆறாம் பக்கத்தைத் திரும்பப் பார்த்தாள். ஜெசிதா சொன்னது சரிபோலவும் இருந்தது. ஆனால் அந்த வரிகள் அச்சாகி, முந்நூறு வீடுகளுக்குப் போய், கலா என்றால் இதுதான் என்று அலுமாரிகளில் இருந்துவிடும். அவள் ஒருநாளும் அப்படிக் கதைத்தவள் இல்லை. அன்பு என்னும் ஒளி என்று யாராவது சொன்னால் முகத்துக்கு நேரே சிரித்துவிடுவாள்.

ஜெசிதா சும்மா புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பாடக்குறிப்பில் வலப்பக்கம்தான் எழுதுவது. இடப்பக்கம் வெறுமையாக இருக்கும். ஒரு பக்கத்தில் அவள் கை நின்றது. புத்தகத்தை யன்னல் வெளிச்சத்துக்குச் சரித்தாள்.

"ரீச்சர், இஞ்சை பாருங்கோ. பென்சிலாலை ஏதோ கிடக்கு."

எழுத்து நூல்போல மெலிந்து, வரிகள் சரிந்து கிடந்தன. பென்சிலை அழுத்த முடியாத கையின் எழுத்து.

'இண்டைக்குக் கதிரையிலை இருந்துகொண்டே படிப்பிச்சன். பின் வாங்கிலை இருந்த பிள்ளையள் ஒரே கதை. பிழை என்ரை.'

இன்னொரு பக்கத்தில்: 'பத்துப் பேர் கொப்பி கொண்டரேல்லை. ஏன் எண்டு கேக்காமல் ஏசிப்போட்டன். வட்டத்துக்கு இதைக் கொண்டுபோக வேணும்.'

கடைசியாக ஒன்பதாந் தரம், நுணுக்குக்காட்டியில் வெங்காயத் தோலின் கண்ணுக்குத் தெரியாத கலங்களைப் பார்க்கிற பாடம். வலப்பக்கத்தில் ஒட்டியிருந்த துண்டில், மாணவர்கள் அனைவரும் கலங்களைத் தெளிவாக அவதானித்தனர் என்று இருந்தது. இடப்பக்கத்தில் உதயகலா எழுதியிருந்தாள்:

'இவர் தந்த வெங்காயம் திறம். நான்தான் கை நடுங்கித் தோலைத் தடிப்பாய் உரிச்சிட்டன். ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியேல்லை. ஆரபி மட்டும் தெரியுது ரீச்சர் எண்டு பொய் சொன்னவள், நான் கவலைப்படுவன் எண்டு. அடுத்த கிழமை திரும்பச் செய்ய வேணும். இவரிட்டைப் புது வெங்காயம் கேக்க வேணும்.'

பிறகு கொலின்ஸ் ஒரு ரோல்ஸை எடுத்து, கடுதாசி விரித்து, நாலாவது கதிரைக்கு முன்னால் வைத்தார்.

*

ஞாயிற்றுக்கிழமை மக்டலீன் சண்டிலிப்பாய்க்குப் போனாள். நமசிவாயம் கதிரை எடுத்துப் போடும் முன்னரே, நின்றபடியே சொன்னாள். இருந்தால் சொல்ல முடியாது என்று பயந்தாள்.

"அண்ணை, அந்த விதை எண்டு எழுதினது கலா இல்லை. நான் போனிலை கேட்டு எடுத்தது. அவவுக்கு எழுத ஏலாமல் இருந்தது. நான்தான் ஒட்டிக் குடுத்தனான்."

"போனிலை ஆரிட்டை?"

"ஆரிட்டையும் இல்லை. ஏஐ. அது தானாய் எழுதித் தரும்."

அவர் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வெளியே போய் மோட்டரை நிறுத்தினார். பாத்தியில் ஓடிய தண்ணீர் நின்றது. திரும்பி வர நேரம் எடுத்தது. வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

"அப்ப தோட்டத்தை நினைக்கேல்லை."

மக்டலீன் பாடக்குறிப்பைத் திறந்து இடப்பக்கத்தைக் காட்டினாள்.

"உதைப் பாத்தனான். ஏதோ கணக்குக் கீறல் எண்டு விட்டிட்டன்," என்றார். "கண்ணாடி போட்டாலும் எனக்கு உது தெரியாது. நீங்கள் வாசியுங்கோ."

அவள் வாசித்தாள். 'இவர் தந்த வெங்காயம் திறம்' என்ற இடத்தில் அவர் கையை உயர்த்தினார்.

"திரும்ப வாசியுங்கோ."

திரும்ப வாசித்தாள். கடைசி வரிக்கு வந்தபோது அவர் குசினிக்குள் போனார். காய்ந்து தாள் சுருங்கிய ஒரு பிடி வெங்காயத்தோடு வந்தார்.

"கேட்டவ. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கேட்டவ. பள்ளிக்கூடத்துக்கு என்ரை தோட்டத்தையே அள்ளிக்கொண்டு போகப்போறியோ எண்டு ஏசினனான். ஏசிப்போட்டு விடிய இதைப் பிடுங்கி வாசலிலை வைச்சனான். அதுக்குள்ளை வருத்தம் கூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினது." அவர் பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அவ காணேல்லை எண்டுதான் நினைச்சன்."

"கண்டிருப்பா. வாசலாலைதானே போனது."

"ஓம். வாசலாலைதான்."

கொஞ்ச நேரம் கழித்து அவர் அச்சுப்படியை எடுத்து ஆறாம் பக்கத்தைத் திருப்பினார். விதை பற்றிய வரிகளுக்கு மேலே பேனையை வைத்தார். ஆனால் கீறவில்லை.

"கல்வெட்டிலை ஆரும் பிழையைப் போடுவினமோ, ரீச்சர்? ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியேல்லை எண்டு? கனடாவிலை இருந்து சனம் சிரிக்கும்."

"சிரிக்கட்டும் அண்ணை. அவவும் சிரிப்பா."

அவர் கீறினார். ஒருமுறை, நேராக, பாத்திக்கு வரம்பு பிடிக்கிறவர்போல. "அவவின்ரை கையெழுத்தையே படம் பிடிச்சுப் போடச் சொல்லுவம்," என்றார். "ஏசினதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

அவள் வாசலில் ஸ்கூட்டரை எடுக்கும்போது அவர் கேட்டார்:

"அந்தப் பாடம் திரும்பச் செய்தாச்சோ?"

"இல்லை. புது ரீச்சர் இன்னும் வரேல்லை."

"நாளைக்கு வாறன். இந்தப் பிடி சரிவராது, காஞ்சுபோச்சு."

*

திங்கட்கிழமை மூன்றாம் பாடத்துக்கு அவர் கால் கழுவி, வெள்ளை வேட்டியோடு, பையில் மண் மணக்கிற வெங்காயத்தோடு வந்து நின்றார். மனைவி படிப்பித்த வகுப்புக்குள் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. ஜெசிதா நுணுக்குக்காட்டியைத் துடைத்து வைத்திருந்தாள். கணித ஆசிரியையான மக்டலீன் தோலை உரித்து, கண்ணாடித் தட்டில் வைத்து, ஒரு துளி நீர் விட்டாள். அவளுக்கும் தோல் தடிப்பாகத்தான் வந்தது.

"முதல் ஆர் பாக்கிறது?"

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இரண்டாம் வாங்கிலிருந்து ஆரபி சொன்னாள்:

"ஐயா பாக்கட்டும், ரீச்சர். ஐயாவின்ரை வெங்காயம்தானே."

நமசிவாயம் குனிந்தார். ஒரு கண்ணை மூடுவதற்குப் பதில் இரண்டையும் மூடி, பிறகு ஒன்றைத் திறந்தார். முப்பது வருடமாகத் தான் நட்டுப் பிடுங்கிய ஒன்றை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தெரியுதோ அண்ணை?"

"ஓம், ஓம். தெரியுது. வடிவாய்த் தெரியுது."

அவர் சொன்ன வேகத்தில் மக்டலீனுக்குச் சந்தேகம் வந்தது. ஆரபியைப் பார்த்தாள். ஆரபி தலையைக் குனிந்துகொண்டாள்.

"உண்மையாத்தானோ, அண்ணை? இந்த வகுப்பிலை தெரியேல்லை எண்டு சொன்னால் ஒருத்தரும் கவலைப்பட மாட்டம்."

அவர் நிமிர்ந்தார். பிள்ளைகளைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"இல்லை ரீச்சர்," என்றார். "ஒரே மஞ்சளாய்க் கிடக்கு. ஒண்டும் தெரியேல்லை."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. முதலில் சிரித்தவள் ஆரபி. மக்டலீன் பைக்குள் கை விட்டு இன்னொரு வெங்காயத்தை எடுத்தாள். இந்த முறை தோலை இன்னும் மெல்லிசாக உரிக்கத் தொடங்கினாள்.