நின்று பார்க்கும் ஓடை

ஏலப்பாறைக்கு மேலே, இரண்டாம் டிவிஷன் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கும் தேயிலைக்காட்டுக்கும் நடுவே போகும் ஓடை, மாரீஸ்வரி கால் வைத்தால் நின்றுவிடும். ஆடி மாத வெள்ளத்திலும் நிற்கும். அவள் மறுகரை ஏறியதும் விட்ட இடத்திலிருந்து ஓடும். கல்யாணமாகி அவள் இந்த லயத்துக்கு வந்த வாரமே கொழுந்தெடுக்கும் பெண்கள் இதைக் கண்டுகொண்டார்கள். பிறகு மழைக்காலங்களில் அவளை முன்னால் விட்டுப் பின்னால் கடந்தார்கள். செருப்பு நனைவதில்லை என்பதற்குமேல் அவர்களுக்கு அதில் பேச ஒன்றுமில்லை. பாலம் கேட்டுப் பஞ்சாயத்துக்குக் கொடுத்த மனுவை அப்புறம் யாரும் விசாரிக்கவில்லை.

பேச இருந்தது அவள் புருஷன் சுடலைமணிக்குத்தான். அவன் ஏலப்பாறைக்கும் பீர்மேட்டுக்கும் ஜீப் ஓட்டுகிறவன். "அது சும்மா நிக்கலட்டி. ஒன்னய நின்னு பாக்குது" என்றான். "பாத்துட்டுப் போட்டும் மச்சான், தண்ணிக்குக் கண்ணா இருக்கு?" என்று அவள் சிரித்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அரசு பஸ்ஸும், ஸ்டாப் இல்லாத வளைவில் அவளுக்காக நின்றது. மூடுபனிகூட அவள் கொழுந்தெடுக்கும் நிரையை விட்டு நகரத் தாமதித்தது. கொஞ்ச நாள் அவளை ஃபேக்டரி பக்கமாகச் சுற்றி வேலைக்குக் கூட்டிப்போனான். அந்த நாட்களில் ஓடை கலங்கலாகவே ஓடியது.

அவள் உடம்புக்குள் ஓடுவதும் நிற்க ஆரம்பித்தது. அடுத்தடுத்து மூன்று கரு தங்கவில்லை. கெண்டைக்கால் வீங்கியது. தொடையில் வலை விரித்தாற்போல ஊதாக் கோடுகள் வந்தன. பிரசவ டாக்டர் கருப்பையைப் பார்த்தார். தோல் டாக்டர் தோலைப் பார்த்தார். நரம்பு டாக்டர் மரத்துப்போன விரல்களைப் பார்த்தார். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மனுஷியாக அவளைப் பார்த்தவர் யாருமில்லை. சுடலைமணி ஒவ்வொரு அறையிலும் உள்ளே நின்று டாக்டர்களின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் எஸ்டேட் டிஸ்பென்சரி நர்ஸ் சிசிலிதான் எல்லாச் சீட்டுகளையும் பரப்பிவைத்து, போனில் வாரக்கணக்காகத் தேடி, மலைக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் இதே நோயை ஆராய்ந்துகொண்டிருந்த ரத்த டாக்டர் ரிஜோவைக் கண்டுபிடித்தாள்.

ரிஜோ தனக்குத் தெரிந்த தமிழில் விளக்கினார். "சரீரத்துக்கு ஒரு காவல்காரன் உண்டு. அவன் சொந்த வீட்டுக்காரரையே சந்தேகப்படுறான். அதான் ரத்தம் ஓடாம கட்டியாகுது." மாரீஸ்வரி ஓரக்கண்ணால் புருஷனைப் பார்த்தாள். "எங்க வீட்லயும் ஒரு காவக்காரரு அப்படித்தான் சார். ரெண்டு பேருக்கும் சேத்து மருந்து இருக்கா?" டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். அவளும் சிரித்தாள். வீடு வரும்வரை சுடலைமணிக்கு அந்தச் சிரிப்பு மட்டும்தான் கேட்டது. டாக்டர் சோதனைக்கென்று எடுத்து வைத்துக்கொண்ட ரத்தத்தையும் அவன் மறக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து போன் வந்தது. எடுத்தவன் அவன். "மாரீஸ்வரியெ நம்ம படனத்துல சேத்துக்கலாம், கேட்டோ. ரெண்டு திவசம் இவிடெ தங்கணும்" என்றார் ரிஜோ. சுடலைமணி பட்டணம் என்று கேட்டான். சேர்த்துக்கொள்கிறேன் என்பதையும், தங்கணும் என்பதையும் சரியாகவே கேட்டான். போனைத் துண்டித்தான். அந்த நம்பரிலிருந்து இனி அழைப்பு வராதபடி செய்தான். "டாக்டரு என்ன சொன்னாரு மச்சான்?" என்று கேட்டவளிடம், "ஒண்ணும் இல்லன்னுட்டாரு" என்றான்.

செடிகளை வெட்டிவிடும் கவாத்துக் காலம் போய்க் கொழுந்து வந்தது. ஒரு நாள் காலை, நிரையில் அவளது இடது கை செடியின் மேலேயே நின்றுவிட்டது. பெண்கள் விரல்களை ஒவ்வொன்றாகக் கொழுந்திலிருந்து பிரித்தெடுத்தார்கள்.

சிசிலி ஜீப் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டாள். "ஏண்ணே, அந்த டாக்டர் எத்தன தடவ கூப்பிட்டாராம்! ஏன் எடுக்கல?"

"எம் பொண்டாட்டியப் பட்டணத்துல சேத்துக்கிடுதேன்னு எங்கிட்டயே கேக்கான். ரெண்டு நாளு தங்கணுமாம். நீ அதுக்குத் தூதா?"

சிசிலிக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. "பட்டணம் இல்லண்ணே. படனம். மலையாளத்துல படனம்னா ஆராய்ச்சி."

மலையாளத்திலேயே சவாரி பேசி, மலையாளத்திலேயே சண்டை போட்டு வளர்ந்தவன் அவன். அந்த ஒரு வார்த்தை மட்டும் அவன் ஜீப்பில் ஏறியதே இல்லை.

அவளைப் பின்சீட்டில் படுக்கவைத்து மலையிறங்கினான். அவள் கால் படாமலேயே, ஜீப் வருவதற்கு முன்பே ஓடை நின்று வழிவிட்டது. ஆஸ்பத்திரியில் ரிஜோ ஓடிவந்து பார்த்தார். படனத்துக்கு ஆள் சேர்க்கும் தேதி முடிந்துவிட்டது, சிகிச்சைக்கு அப்படித் தேதி கிடையாது என்றார். ரத்தத்தை இளக்கும் மாத்திரை, மாதாமாதம் பரிசோதனை என்று வருஷங்கள் போயின. ஒவ்வொரு மாதமும் சுடலைமணிதான் கூட்டிப்போனான். இப்போது அறைக்குள் போகமாட்டான். உள்ளே அவள் சிரிப்பது கேட்கும். பொறாமை போய்விடவில்லை. அதையும் பெஞ்சில் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளப் பழகிவிட்டான்.

இடது கை திரும்பவில்லை. சிசிலி சொல்லி மாரீஸ்வரிக்கு எல்லாம் தெரியும். ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "சந்தேகப்பட்டதுக்காவது ஒருதடவ பட்டணத்தக் காட்டு மச்சான்." கொச்சிக்குக் கூட்டிப்போனான். அவள் கடலில் கால் வைத்தாள். அலைகள் அப்படியே நின்றன. படகுக்காரர்கள் எஞ்சினைப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்த்தார்கள். "வாட்டி போவோம், கடலே பாக்குது" என்றான். "பாக்கட்டும்" என்று அவள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள்.

போன மழைக்காலத்தில் ஒரு ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய், அவள் இறந்தாள்.

அன்று நின்ற ஓடை காரியம் முடிந்தும் நகரவில்லை. ஃபேக்டரித் தொட்டி வற்றிப்போக, மேனேஜர் ஆள் அனுப்பினார். யார் சொல்லியும் கேட்காததால் சுடலைமணியைக் கூப்பிட்டார்கள். அவன் கரையில் குந்தி, "போ. அவ இனி வரமாட்டா" என்றான். ஓடை போனது.

ஆனாலும் காலையில் வேலைக்குச் சங்கு ஊதியதும் கொஞ்ச நேரம் நிற்கத்தான் செய்கிறது. பெண்கள் அதற்குள் கடந்துவிடுகிறார்கள். சுடலைமணியும் ஜீப்பை ஓரங்கட்டிவிட்டு ஓடையின் பக்கத்தில் வந்து உட்காருவான். இரண்டு பேரும் லயத்துப் பாதையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஜீப்பில் காத்திருப்பவர்கள் ஹாரன் அடித்தால் அவன் எழுந்துகொள்கிறான், அதுவும் ஓட ஆரம்பிக்கிறது.