நாத்தனார் முடிச்சு

என் வலது கையை மாட்டுத் தீவனம் வெட்டும் மெஷின் எடுத்துக்கொண்டபோது நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். சோளத்தட்டை உள்ளே தள்ளினேன், கையும் கூடவே போய்விட்டது. முழங்கைக்குக் கீழே ஒரு சாண் மிச்சம். இதைக் கேட்டு உச்சுக் கொட்டுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. கொட்டுவதாக இருந்தால் இப்போதே எழுந்து போய்விடலாம்.

ஏனென்றால் மிச்சமிருந்ததை வைத்துக்கொண்டு நான் சும்மா உட்காரவில்லை. இடது கையால் எழுதினேன். இடது கையால் சாப்பிட்டேன். பந்தியில் பக்கத்து இலைக்காரர்கள் தள்ளித் தள்ளி உட்கார்ந்தாலும் சாப்பாட்டில் குறை வைக்கவில்லை. இடது கையால் குண்டு எறிந்து மாநில அளவில் மெடல் வாங்கினேன். இப்போது கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் விளையாட்டு டீச்சர். வேதவல்லி மிஸ் என்றால் ஓடுகிற பிள்ளைகள்கூட நின்றுவிடும்.

வலது பக்கம் கொக்கிக் கை மாட்டியிருப்பேன். முன்பு ஒரு முகாமில் ரப்பர் கை கொடுத்தார்கள். பார்க்க அழகு, ஒரு துடைப்பத்தைக்கூடப் பிடிக்காது. கொக்கி அப்படியில்லை. அதிலிருந்து ஒரு வார் முதுகைச் சுற்றி மறு தோளுக்குப் போகும். தோளை முன்னால் தள்ளினால் கொக்கி வாயைத் திறக்கும், தளர்த்தினால் கவ்விக்கொள்ளும். வெங்காயம் நறுக்கும்போது அதுதான் பிடிக்கும், புடவைக் கொசுவத்தையும் அதுதான் பிடிக்கும். அதைப் பழகுவதற்குள் நான் பட்ட பாடும் திட்டிய திட்டும் எனக்குத்தான் தெரியும்.

என் தம்பி தீனதயாளன் என்னைவிட நாலு வயது சின்னவன். எனக்குக் கை போனபோது அவன் அஞ்சாவது. அம்மா விடியும்போதே கரும்புக் கொல்லைக்குப் போய்விடுவாள். எனக்குத் தலை பின்னிவிட்டது அவன்தான். மாட்டுக் கயிறு திரிப்பது மாதிரி பின்னுவான், ரிப்பன் ஒரு பக்கம் காது வரைக்கும் ஏறியிருக்கும், அதோடுதான் பள்ளிக்கூடம் போவேன். பேனா மூடி, செருப்பு வார், டிபன் டப்பா என்று எதோடாவது நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால் வந்து பிடுங்கிக்கொள்வான். நான் பாத்துக்கறேன் என்பான். கொக்கி வந்து, மெடல் வந்து, வேலை வந்த பிறகும் அந்தப் பழக்கம் அவனை விடவில்லை. நானும் திட்டுவேன், அவனும் கேட்கமாட்டான். அவனை மாதிரி ஒரு பிள்ளை யாருக்குக் கிடைக்கும்?

எனக்கு மாப்பிள்ளை பார்க்காமல் இல்லை. வந்தவர்கள் கேசரி பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, என் கைப்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, வூட்டுக்குப் போய்ச் சொல்லியனுப்புகிறோம் என்று போனார்கள். போதும் சாமி என்று நானே நிறுத்திவிட்டேன். அதனால் தம்பி கல்யாணம் முதலில் வந்தது. பெண் இலக்கியா, உளுந்தூர்பேட்டைப் பக்கம். நிச்சயம் முடிந்த அன்றைக்கே நான் அவனிடம் ஒன்று கேட்டேன். நாத்தனார் முடிச்சு.

எங்கள் பக்கத்தில் தாலி கட்டும்போது முதல் முடிச்சுதான் மாப்பிள்ளையுடையது. மற்ற இரண்டையும் அவனுடைய அக்காவோ தங்கையோ போட வேண்டும். அவனுக்கு இருப்பது நான் ஒருத்தி. கல்யாணம் என்று ஒன்று எனக்கு நடக்குமோ நடக்காதோ தெரியாது. இதையாவது என் கையால் செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டேன். உன்னை விட்டா வேற யாருக்கா என்றான்.

அம்மாதான் முட்டுக்கட்டை போட்டாள். ஆண்டாளம்மா என்றால் மணலூர்பேட்டைச் சந்தையில் யாவாரிகளே பேரம் பேசப் பயப்படுவார்கள். என்னிடம் மட்டும் குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"இடது கையி ஒண்ணு, இரும்பு ஒண்ணு. ரெண்டும் தாலி மேல படலாமாடி? உன் சித்தப்பா பொண்ணு கட்டட்டும். நீ பக்கத்துல நில்லு, போதும்."

எனக்கு வந்ததே கோபம். மெடல் வாங்கியபோது கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் என் படத்தைப் பேனராக வைத்தார்கள். இடது கையில் இரும்புக் குண்டோடு நிற்கிற படம். அதற்குக் கீழே நின்று அம்மா போட்டோ எடுத்துக்கொண்டாள். அந்தக் கைதானே இது என்று கேட்டேன். அது வேற, இது வேற என்றாள். அப்பா நாராயணசாமி வழக்கம்போல மோட்டார் போடுவதற்குக் கிளம்பிவிட்டார். கடைசியில் தீனாதான் எழுந்து, அக்கா கட்டலன்னா எனக்குக் கல்யாணமே வேணாம் என்று ஒரே போடாகப் போட்டான். அம்மா வாயை மூடிக்கொண்டாள்.

மலைக்குத் திரும்பியதும் பழக ஆரம்பித்தேன். ஒரு குடத்தைக் கவிழ்க்காமல் நிமிர்த்தி வைத்து, அதன் கழுத்தில் மஞ்சள் தேய்த்த கயிறு. ஒரு முனையைக் கொக்கி இழுத்துப் பிடிக்க, மறு முனையை இடது கை வளைத்து உள்ளே விட்டு வெளியே வாங்க வேண்டும். கேட்கச் சுலபம். மஞ்சள் ஈரம் வழுக்கும். கொக்கி கொஞ்சம் அழுத்திக் கவ்வினால் நூல் பிசிறும், அழுத்தாவிட்டால் நழுவும். குடத்தை எட்டி உதைத்த நாளும் உண்டு. குடத்தில் முடிச்சு வந்துவிட்ட பிறகு, மனுசக் கழுத்து வேண்டுமே என்று நின்றபோது, என்னோடு அறையில் இருக்கிற டயானா டீச்சர் தலையைக் குனிந்தாள். அவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

"கட்டுங்க மிஸ். எங்கப்பா பாக்குற வரைக்கும் நீங்களே மாப்பிள்ளையா இருங்க."

சிரித்துச் சிரித்து அன்றைக்கு ஒரு முடிச்சும் விழவில்லை. பிறகு விழுந்தது. முடி சிக்காமல், சதையில் கொக்கி படாமல், கண்ணை மூடிக்கொண்டும் கட்டுவேன் என்கிற அளவுக்கு வந்தது. கொக்கியின் ரப்பர் முனை மஞ்சளாகவே மாறிவிட்டது. தீனா ஒருமுறை வந்து பார்த்து அசந்துபோனான்.

கல்யாணம் மணலூர்பேட்டை மண்டபத்தில். கொக்கியின் வாருக்கு இடம் விட்டு ரவிக்கை தைத்திருந்தேன். அம்மா வந்து முந்தானையை இழுத்துக் கொக்கிமேல் போர்த்திவிட்டாள். அவள் அந்தப் பக்கம் போனதும் எடுத்துவிட்டேன். மணமேடையில் இலக்கியாவுக்குப் பின்னால் போய் நின்றேன். கீழே பார்த்தால் ஆளுக்கு ஒரு போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். அவர்கள் தாலியைப் பார்க்கவில்லை, என் கொக்கியைத்தான் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும் என்றுதான் நினைத்தேன். எறியும் வட்டத்துக்குள் போய் நிற்கிறபோது வருகிற மாதிரி மனசு அடங்கியிருந்தது.

கெட்டிமேளம் கொட்டினார்கள். தீனா குனிந்து முதல் முடிச்சைப் போட்டான். நான் கொக்கியைத் திறந்து கயிற்றுக்குக் கொண்டுபோனேன். அவன் கை கயிற்றை விடவில்லை.

"வுடுக்கா, நான் பாத்துக்கறேன்."

என் காதுக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். இரண்டாவதையும் போட்டான், மூன்றாவதையும் போட்டான். அரிசி எங்கள் மூன்று பேர் மேலும் விழுந்தது. என் கொக்கி திறந்தபடி அந்தரத்தில் நின்றது. வீடியோவில் அது அப்படியே இருக்கிறதாம், நான் அந்த இடத்தை இன்றைக்கு வரைக்கும் பார்த்ததில்லை.

மண்டபமே அவனைக் கொண்டாடியது. அக்காவைச் சங்கடப்படுத்தாமல் மூன்றையும் தானே போட்டுவிட்டான் பார், தம்பி என்றால் இவனல்லவா தம்பி என்று என்னிடமே வந்து சொன்னார்கள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் அவனைச் சாப்பாட்டுக்கூடத்துக்குப் பின்னால், தண்ணீர் டிரம் பக்கம் பிடித்தேன். ஏன்டா என்று மட்டும் கேட்டேன்.

"எல்லாரும் போன்ல புடிச்சிக்கினு இருந்தாங்கக்கா. நழுவியிருந்தா இன்னா ஆவறது? உன்னப் பாத்து நாலு பேரு சிரிச்சா நான் தாங்கமாட்டேன்."

நழுவாதுடா என்றேன். நழுவியிருந்தா என்று திரும்பக் கேட்டான். கண் கலங்கியிருந்தது. அவன் மேல் எனக்குக் கோபம் வந்திருந்தால் கத்தித் தீர்த்திருப்பேன். வந்தது கோபம் இல்லை. என்னை இவ்வளவு ஆசையாக வைத்திருக்கிறவன்கூட என் கையை ஒரு நாளும் நம்பியதில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. போய்ச் சாப்பிடு என்று அனுப்பினேன்.

மத்தியானம் மண்டபம் பாதி காலியாகியிருந்தது. மணப்பெண் அறைக் கதவை லேசாகத் திறந்து இலக்கியா என்னைக் கூப்பிட்டாள். கூட இருந்தவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். உள்ளே போனதும் தாழ்ப்பாள் போட்டாள். ஒரு கையால் தாலியை நெஞ்சோடு அமுக்கிப் பிடித்திருந்தாள், முகம் வெளுத்திருந்தது. மாலையைக் கழற்றும்போது கயிறு இழுபட்டிருக்கிறது. தீனா பதற்றத்தில் போட்ட இரண்டு முடிச்சும் மஞ்சள் ஈரத்தில் அவிழ்ந்துவிட்டன. முதல் முடிச்சு மட்டும் பேருக்கு நின்றது.

"கட்டின அன்னிக்கே அவுந்துடுச்சுங்கண்ணி. அத்தைக்குத் தெரிஞ்சா என்னைய ராசி இல்லாதவன்னு சொல்லிடுவாங்க. நீங்க பழகியிருக்கீங்கன்னு அவரு சொன்னாரு. கட்டிவுடுங்கண்ணி."

அவள் நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து தலையைக் குனிந்தாள். பின்னங்கழுத்தில் வியர்வையும் பூவிதழும் ஒட்டியிருந்தன. கொக்கி ஒரு முனையைக் கவ்வியது. இடது கை வளைத்தது, உள்ளே விட்டது, வாங்கியது. முதல் முடிச்சை இறுக்கிவிட்டு, அதன்மேல் இரண்டாவது, அதன்மேல் மூன்றாவது. ஒரு முடி சிக்கவில்லை. நழுவவில்லை. மேளம் இல்லை, அரிசி இல்லை, மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் திருட்டுத்தனமாக எதையோ எடுத்துக்கொண்ட மாதிரியும் இருந்தது.

இலக்கியா கயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். யாருக்கும் தெரிய வேண்டாம் என்றாள். அவருக்கும் தெரிய வேண்டாம், மூணும் நானே போட்டேன்னு ரொம்பப் பெருமையா இருக்காரு என்றாள். சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்துகொடுத்தேன்.

சாயங்காலம் பெண் வீட்டுக்குக் கிளம்பக் கார் வந்தது. எல்லாரும் வாசலில் நின்றோம். தீனா காரில் ஏறப்போனவன் திரும்பி என்னிடம் வந்தான். நான் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று அவனுக்கு உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. சின்ன வயதில் என்னைச் சமாதானம் செய்கிற அதே முகத்தோடு, இலக்கியாவைத் தோளில் பிடித்து என் பக்கம் திருப்பினான்.

"நீயே இழுத்துப் பாருக்கா. எப்படிப் போட்டிருக்கேன் பாரு."

இலக்கியா தலையை நிமிர்த்தவே இல்லை. அம்மா பக்கத்தில்தான் நின்றாள். நான் இடது கை விரலை அந்தக் கயிற்றுக்குள் விட்டு இழுத்தேன். அசையவில்லை.

"நல்லா போட்டிருக்கடா" என்றேன்.

அவனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. கோவம் போச்சா என்று கேட்டுவிட்டுக் காரில் ஏறிக்கொண்டான். கார் உளுந்தூர்பேட்டை ரோட்டில் திரும்புகிற வரைக்கும் கையை ஆட்டிக்கொண்டே போனான். நானும் ஆட்டினேன். பிறகு மண்டபத்துக்குப் பின்னால் போய், யாரும் இல்லாத இடமாகப் பார்த்து உட்கார்ந்து அழுதேன்.