கதவோரத்துப் பெரியவர்

முதலாளியின் அப்பாவைச் சுவரிலிருந்து இறக்கியது செவ்வாய்க்கிழமை. சியூ பாவோலின் வருவதாகச் சொல்லியிருந்தது வெள்ளிக்கிழமை.

அப்பா என்றால் படம்தான். ஜப்பானில் எங்கள் செக்கி ஊரில் இந்த நகவெட்டித் தொழிற்சாலையைத் தொடங்கியவர். சீனாவின் மஞ்சூரியாவை எங்கள் நாடு பிடித்து வைத்திருந்த காலத்தில், அங்கே படையில் இருந்தபோது எடுத்த படம். சீருடை, வாள், முறுக்கிய மீசை. எழுபது வருஷமாக விருந்தினர் அறையின் உச்சியில் இருந்துகொண்டு எல்லோரையும் முறைத்துக்கொண்டிருந்தார். ஆலையை வாங்க வருகிறவரோ சீனர். அவர் கண்ணில் இது படலாமா?

"கழட்டுங்க ஹிசாயே, பேச்சே வேணாம்" என்றார் குரிமோத்தோ முதலாளி.

கழற்றினேன். படம் இருந்த இடம் மட்டும் பளிச்சென்று வெளுத்துத் தெரிந்தது. அருவிப்படம் போட்ட நாட்காட்டி ஒன்றை மாட்டி மறைத்தேன். அது சின்னது, சுற்றிலும் நாலு விரல் அகலத்துக்கு வெள்ளை. அடுத்தவர் மனம் நோகக்கூடாது என்று நாங்கள் எதைச் செய்தாலும் இந்த லட்சணத்தில்தான் முடியும்.

சியூ எங்களுக்குப் புதியவனில்லை. அவன் என்றே வாய் பழகிவிட்டது, இனி அவர். இருபது வருஷத்துக்கு முன் தொழில் பழக வந்து மூன்று வருஷம் இங்கே சாணை பிடித்தவர். எங்கள் பக்கம் வாசலிலிருந்து தள்ளி இருப்பதுதான் பெரியவர்கள் உட்காரும் மேலிடம். கதவோரம் கடைசி ஆளுக்கு. நாங்கள் சாப்பிட உட்காரும் அந்த விருந்தினர் அறையில் அதுதான் அவர் இடம். அந்தக் கதவில் ஒரு இடுக்கு. ஜனவரிக் காற்று அதன் வழியே வந்து இடுப்பை ஒடிக்கும். "முதலாளி, இதை அடைச்சுடலாமா?" என்று மூன்று குளிர்காலமும் கேட்டார். "சின்ன வயசு, தாங்கும்" என்று மூன்று குளிர்காலமும் பதில் வந்தது.

தினமும் காலையில் நாற்காலி போட்டு ஏறி அந்தப் படத்தைத் துடைப்பதும் அவர் வேலைதான். ஒருநாள் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அக்கா, இந்த உடுப்பு போட்டவங்க காவல் நின்ன சுரங்கத்துலதான் எங்க தாத்தா வேலை செஞ்சார். அவருக்கு எட்டு நகம்தான் வெட்டணும்."

"டீ ஆறுது, குடி" என்றேன் நான். நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

இப்போது அவர் சீனாவில், லியாவோனிங்கில் எங்களைப்போல் நாற்பது மடங்கு பெரிய ஆலைக்குச் சொந்தக்காரர். எங்களைச் சீந்த வேறு நாதியில்லை. அவர் வேண்டாம் என்றால் மாதக் கடைசியில் ஆலை மூடல். பதினோரு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு வேறு வேலை யார் கொடுப்பார்கள்?

வெள்ளிக்கிழமை சியூ தனியாகவே வந்தார். நல்ல கோட்டு, கொஞ்சம் தொப்பை. காலணியைக் கழற்றினார், உள்ளே நுழைந்தார், நேரே போய்க் கதவோரத்தில் உட்கார்ந்தார். கால் பழக்கம்!

"ஐயையோ, அங்க இல்ல, மேல வாங்க, மேல வாங்க!" முதலாளிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"பரவால்ல முதலாளி, இது என் இடம்தானே."

"நீங்க அங்க உட்கார்ந்தா நான் எங்க உட்கார்றது?"

விருந்தாளிக்குக் கீழேதான் உட்கார வேண்டும். கதவுக்கும் கீழே இடம் ஏது? முதலாளி வெளியே நடையில் போய் மண்டியிட்டார். சியூ பதறி எழுந்து அவருக்கும் கீழே, காலணி அடுக்கின் பக்கம் உட்கார்ந்தார். முதலாளி வாசற்படியில் இறங்கினார். அறையில் மேலிடம் காலி. இரண்டு பெரிய மனிதர்களும் என் குடைக்குப் பக்கத்தில்.

"தெருவுக்குப் போயிடறதுக்குள்ள யாராவது ஒருத்தர் மேல உட்காருங்க" என்றேன், தேநீர்த் தட்டோடு.

சியூ சிரித்துவிட்டார். உள்ளே வந்து மேலிடத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் தலையைத் தூக்கி நாட்காட்டியைப் பார்த்தார்.

"பெரியவர் எங்க?"

"சட்டம் விட்டுப்போச்சு, சரிபண்ணக் குடுத்திருக்கு" என்றார் முதலாளி. பொய் சொல்லத் தெரியாத மனிதர், காது சிவந்துவிட்டது.

சியூ என் பக்கம் திரும்பினார். "அக்கா?"

"சரக்கு அறையில, பழைய பேப்பர் சுத்தி வச்சிருக்கு."

"கொண்டாங்க."

கொண்டுவந்தேன். பேப்பரைப் பிரித்ததும் அவர் கை தானாகக் கைக்குட்டையை எடுத்துத் துடைத்தது. மீசை முதலில், வாள் கடைசியில், அதே பழைய வரிசை.

"ஆலையை எடுத்துக்கறேன். பதினோரு பேரும் இருக்கட்டும். ஆனா இந்தப் பெரியவர் தொழில் பழகற ஆளா சேரணும். மூணு வருஷம், கதவோரத்துல."

கதவுக்குப் பின்னால் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த மற்ற ஆட்கள் மூச்சை அடக்கியது எனக்குக் கேட்டது.

"அவர் எங்க அப்பா" என்றார் முதலாளி.

"தெரியும். எட்டு நகக்காரர் எங்க தாத்தா."

"எட்டு நகமா?"

முதலாளி என்னைப் பார்த்தார். இந்த முறை நான் டீயின் பின்னால் ஒளியவில்லை. "சுரங்கத்துல ரெண்டு விரல் போச்சாம் முதலாளி. இவர் அப்பவே சொன்னார். நான்தான் காதுல வாங்கல."

முதலாளி படத்தைக் கையில் வாங்கினார். பிறகு சுத்தியல் கேட்டார். கதவோரத்தில், இடுப்பு உயரத்தில், ஆணியை அவரே அடித்தார்.

"மூணு வருஷம் கழிச்சு?"

"நீங்க எனக்குச் சொன்னதேதான். 'ஒழுங்கா இருந்தா பாக்கலாம்.'"

இது நடந்தது ஏப்ரலில். முதலாளி இப்போது வெறும் ஆலோசகர். அப்பாவைத் தினமும் அவரே துடைக்கிறார். ஜனவரியில் ஒருநாள் நான் வந்தபோது, தரையில் தவழ்ந்து கதவு இடுக்கில் கம்பளித் துணி ஒட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பாவுக்குக் காத்து அடிக்குது" என்றார்.

படத்துக்கா! சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அவர் ஒரு அங்குலம் விடாமல் ஒட்டிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து பார்த்தார். "எப்படி மூணு வருஷம் உட்கார்ந்தான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

அடுத்த மாதம் சியூ வந்தார். காலணி கழற்றக் குனிந்தவர், கதவு இடுக்கை மேலிருந்து கீழே விரலால் தடவினார்.

"யார் அடைச்சது?"

"முதலாளி."

கோட்டோடு அப்படியே படத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் மேலே கூப்பிடவில்லை. சற்றுப் பொறுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் ரெண்டு வருஷம் ரெண்டு மாசம் இருக்கு அக்கா. சலுகையெல்லாம் கிடையாது" என்றார்.

டீயை வைத்துவிட்டு, இருபது வருஷம் தாமதமாகக் கேட்டேன்: "உங்க தாத்தா பேரு என்ன?"

டீ ஆறிப்போகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.